நெற்றி வேர்த்தால் இறக்கு

1946 பிப்ரவரி 11

இன்று அக்கா வீட்டில் மச்சானைக் கட்டி நிமிர்த்தும் பலகையை மாட்டினோம். தோணியில் நின்ற மச்சான் ரோச் மேல் பஞ்சுப்பொதி விழுந்து நாலு மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கப்பலில் பாரம் இறக்கும் விஞ்சைப் பிடித்து அந்தப் பொதியை இறக்கியவன் நான். மெதுவாக இறக்கியிருக்கலாம். கொஞ்சம் மெதுவாக.

படுத்தே கிடந்தால் புண் வைத்து ஆள் போய்விடுவான் என்கிறார் டாக்டர். மார்பு, இடுப்பு, முட்டி மூன்றையும் பலகையோடு வார் போட்டுக் கட்ட வேண்டும். கால்மாட்டில் மிதிகட்டை. தலைமாட்டைக் கயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். கயிறு என் கையில். பிலோமி அக்கா நாடி பார்ப்பாள். "முகம் வெளுத்தா, நெத்தி வேர்த்தா, யோசிக்காம இறக்கு." டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

பிப்ரவரி 15

ஒரு சாண். அதற்கே கண் இருட்டுகிறது என்றார் மச்சான்.

பிப்ரவரி 23

இன்றும் அதே ஒரு சாண். வலது குதிங்காலில் புண். மிதிகட்டை உராய்ந்தது அவருக்கே தெரியவில்லை. இப்படிப் போனால் இவர் எப்போது நிமிர்வார்?

மார்ச் 2

என்னத்த எழுத. அக்கா பூசைக்குப் போயிருந்தா. மச்சான் கெஞ்சினார். "ஏலே இஞ்ஞாசி, ஒரு மட்டம் நேரா நிமித்துல. சன்னல் வழியா கடலைப் பாத்துக்கிடுதேன்." சாப்பிட்டு அரைமணிகூட ஆகல. காலுக்குத் துணி சுத்தல. நான் இழுத்தேன். நேராவே நிறுத்திட்டேன்.

"தெரியுதுல" என்றார். நானும் கடலைப் பாத்தேன், அவர் மொகத்தப் பாக்கல. திரும்பினா உதடு நீலம். தலை தொங்கிட்டு.

கயித்த விட்டுட்டு ஓடிப்போய்த் தாங்கணும்னு இருந்துச்சு. விட்டா பலகை அடிச்சு விழும் — அந்தப் பொதி மாதிரி. பல்லக் கடிச்சுக்கிட்டு இறக்கினேன். மூச்சு இருக்கா, இல்லையா? கால்மாட்டைத் தூக்கிப் பிடிச்சேன். மாதாவே, எவ்வளவு நேரம். கண் முழிச்சார். வாந்தி எடுத்தார்.

"அக்காட்ட சொல்லாதல" என்றார். அக்கா வந்ததும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 3

அக்கா திட்டவில்லை. கயிற்றை அடுத்த வீட்டு தனராஜிடம் கொடுத்தாள். "நீ தொடாத." அவ்வளவுதான்.

ஒரே மனுசன ரெண்டு தடவ.

மார்ச் 20

வாசல்வரை போய்த் திரும்பினேன். "இஞ்ஞாசி வரலையா?" என்று மச்சான் கேட்டது காதில் விழுந்தது. வேலையில் விஞ்சைத் தொடப் பயம். மூட்டை சுமக்கிறேன். நான் இருந்து யாருக்கு என்ன?

ஏப்ரல் 6

தனராஜுக்குக் காய்ச்சல். அக்கா வந்து, "கையக் கழுவிட்டு வா" என்றாள்.

இரண்டு விரற்கடை தூக்கினேன். நிறுத்தினேன். முகத்தைப் பார்த்தேன். மறுபடி இரண்டு விரற்கடை. மூன்று சாணில் மச்சான் கொட்டாவி விட்டார்; நெற்றியில் ஈரம். "ஒண்ணுமில்லல, இன்னும் தூக்கு" என்றார். இறக்கிவிட்டேன். திட்டினார். அக்கா நாடியிலிருந்து விரலை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

மே 19

கால் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு அவரே, "பலகைக்கு நேரமாச்சுல்லா" என்றார்.

குதிங்கால் புண் ஆறிவிட்டது. காலுக்குத் துணி சுற்றி, வார்களை இறுக்கினேன். நாடி பார்க்க அக்கா இன்று பக்கத்தில் உட்காரவில்லை. கூடையை எடுத்துக்கொண்டாள்.

"மீன் வாங்கிட்டு வாரேன்" என்று கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.