ஆழ்மடையில் ஒளித்த வெல்லம்

நீரும் உப்பும் தத்தம் இடத்தில் நிற்க! சிறுநீரக நாட்டு முதலமைச்சர் இருங்கோவேள், காற்று எட்டாத ஆழத்திலும் கை சோராத ஆழ்மடைத் தலைவி நக்கண்ணையாருக்கு விடுக்கும் திருமுகம். அங்குள்ள யாவரும் மூச்சுக்குக் குறைவின்றி வாழ்க.

வெல்லம் ஒளித்த குற்றத்திற்காகத் தங்களை நாடு கடத்துவார்களோ என்று கலங்கித் தாங்கள் விடுத்த முறையீடு வந்து சேர்ந்தது. நாடெங்கும் உணவு பங்கிடும் காவிதி கொற்றங்குமரனாரும் ஓடிவந்து நடந்ததைச் சொன்னார். சிரிப்பை அடக்க யாம் மேலாடையை வாயில் திணித்துக்கொள்ள நேர்ந்தது.

நுண்குழல் என்னும் நம் வாய்க்கால் ஒன்றே ஆயினும், அதன் கரையில் உண்ணும் முறை ஒன்றன்று. மேல்மடையார் நல்ல காற்றில் அடுப்பெரித்து நெய்ச்சோறே உண்பர். வாய்க்காலில் வரும் சர்க்கரையை அள்ளி அரண்மனைப் பண்டாரத்தில் சேர்ப்பார்களேயன்றி நாவில் வையார். உப்பிறைக்கும் இடைமடையார் கிடைத்ததை எரித்துப் பாடுபடுவர். தங்கள் ஆழ்மடையில் காற்றே அரிது. ஆதலால் அடுப்பின்றி வெல்லத்தைக் கடித்தே வேலை நடக்கும்.

இது காவிதியாருக்குப் பொறுக்கவில்லை. ஒரே வாய்க்காலில் ஒருவருக்கு நெய்யும் மற்றவருக்கு வெல்லமுமா, இதென்ன அநியாயம் என்று பொங்கி, இரண்டையும் இடம் மாற்றி அனுப்பினார். ஆழ்மடையில் வெல்லம் ஒளிப்பவர் நாடு கடத்தப்படுவர் என்று கோமகன் பெயரால் முரசும் அறைவித்தார். விளைந்தது என்ன? மேல்மடையார் பழக்கதோஷத்தால், வந்த வெல்லத்தை ஒரு கட்டி விடாமல் பண்டாரத்தில் சேர்த்துவிட்டுப் பட்டினி கிடந்தனர். ஆழ்மடையில் அடுப்பு புகைந்ததேயன்றி எரியவில்லை. மடை காக்க ஆளின்றி நீரெல்லாம் வெளியே ஓட, கோமகன் குடம் குடமாகக் குடித்தும் நா வறண்டு சாய்ந்தார்.

அப்போதும் காவிதியார் மசியவில்லை. ஆழ்மடையார் சோம்பேறிகள், அடுப்பெரிக்கத் தெரியாதவர்கள் என்று ஏசி, தாமே எரித்துக் காட்டுவதாகச் சூளுரைத்து, நெய்க்குடத்தோடு இறங்கினார். ஊதினார், ஊதினார்; அடுப்பு பற்றவில்லை, அவருக்குத்தான் மூச்சு வாங்கிற்று. ஐயோ, பிள்ளைகுட்டிக்காரன் ஆயிற்றே, இங்கேயே போய்விடுவோமோ என்று அஞ்சிச் சுருண்டு விழுந்தாராம். தாங்கள் முரசுக்கு அஞ்சாமல் வெல்லம் ஒளித்து வைத்திருந்த குழியிலிருந்து ஒரு கட்டி எடுத்து அவர் வாயில் இட்டதும் கைகால் அசைந்தனவாம். இன்னொன்று கிடைக்குமா என்று கெஞ்சியதையும், குழி காலியாகும்வரை கெஞ்சியதையும் அவரே தலைகுனிந்து சொன்னார். பாவம், தாம் அறைவித்த ஆணையைத் தாமே நீக்கும் அதிகாரம் அவருக்கில்லை. தங்களைக் காக்கவேண்டி எம் காலில் விழுந்தார்.

ஆகவே ஆணையாவது: நெய் மேலேயும் வெல்லம் கீழேயும் இன்றே திரும்புக. வெல்லம் உண்டபின் மிஞ்சும் புளித்த நீரை மேல்மடைக்கு அனுப்புக; அதை மறுபடி சர்க்கரையாக்கும் வித்தை அவர்களுக்குத் தெரியும். தங்கள் வழக்கைப் பொறுத்தவரை, ஒளித்த பொருளை அவையின்முன் வைத்தே குற்றம் விசாரிப்பது நம் முறை. அப்பொருள் முழுவதையும் காவிதியாரே தின்றுவிட்டமையால் வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது.

கோமகன் இன்னும் நீர் அருந்திக்கொண்டிருப்பதால் இலச்சினையை யாமே இட்டோம். அம்மையீர், மடைக்கு விரைக!