பம்ப் ஓடாத இரண்டு வினாடிகள்

மார்ச் 4, செவ்வாய்

துறைத்தலைவர் இன்று ஒரு படிவத்தை என் தலையில் கட்டிவிட்டார். முதுநிலைக் கணினிப் பொறியியல் படிப்பின் 'கற்றல் விளைவுகள்'. இரண்டு வருடம் படித்து வெளியே போகிறவருக்கு என்னென்ன கைவந்திருக்க வேண்டும் என்று ஆறு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம். கட்டத்தில் 1, 2, 3 என்று ஏதாவது ஒரு மதிப்பு, பக்கத்தில் ஆதாரம். ஆறாவது வரி: 'தன் முடிவுகளைத் தானே சந்தேகித்துச் சோதிக்கும் திறன்'. இதற்கு எதை ஆதாரமாக வைப்பது? சந்தேகத்தை நகல் எடுக்க முடியுமா?

"போன வருஷம் போட்டதையே போட்டுடுங்க மேடம். யார் பார்க்கப் போறாங்க?" என்றார் அவர்.

போன வருடம் எல்லாக் கட்டத்திலும் உச்ச மதிப்பான 3. போட்டதும் நான்தான்.

மார்ச் 6, வியாழன்

துருவி வந்தாள். அவள் பெயர் அதல்ல. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் ஆய்வுக்கூடத்தில் வைத்தது. இப்போது அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறாள். என்னிடம் ஆய்வேடு எழுதும் இரண்டாம் வருட மாணவி. ஆறு வருடம் முன்பு நான் செய்த வேலையின் மேல்தான் அவள் ஆய்வேடு நிற்கிறது: தண்ணீர் பம்பின் சத்தத்தைக் கேட்டு, அது நல்லதா பழுதா என்று சொல்லும் நிரல். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு முறை சரியாகச் சொல்லும். நாலு பேருக்கு என் பெயர் தெரிந்ததே அந்தக் கட்டுரையால்தான். அந்த நிரலைச் சுருக்கி, கையடக்கக் கருவியில் ஓட வைப்பது துருவியின் வேலை. ஏப்ரல் கடைசியில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

"மேடம், ஒலிப்பதிவெல்லாம் நீங்களே எடுத்ததா?"

"ஆமா. முப்பது பழுது, முப்பது நல்லது. ஏன்?"

"சும்மாதான்."

அவள் எதையும் சும்மா கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

மார்ச் 8, சனி

தம்பி போன் செய்தான். பம்ப் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறான். பழுதான முப்பதையும் அங்கேதான் பதிவு செய்தேன்.

"அக்கா, உன் ஸ்டூடண்ட்டுன்னு ஒரு பொண்ணு வந்துச்சு. ஒரு மணி நேரம் ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு வாயே தொறக்கல. பம்பைத்தான் கேக்குதுன்னு நெனச்சேன். அது என்னடான்னா அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்கு."

"எதைடா?"

"ஃபேனை."

மார்ச் 11, செவ்வாய்

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். என் ஒலிப்பதிவு ஒவ்வொன்றும் பம்ப் ஓடுவதற்கு இரண்டு வினாடி முன்பே தொடங்கும். நான் பதிவைத் தொடங்கிவிட்டுக் கை காட்டுவேன், பிறகுதான் சுவிட்சைப் போடுவார்கள். அந்த இரண்டு வினாடியை மட்டும் வெட்டி எடுத்து நிரலுக்குக் கொடுத்திருக்கிறாள். நிரல் கொஞ்சமும் தயங்காமல் பழுது, நல்லது, பழுது, பழுது என்று அடுக்குகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றுநாலு சரி.

பம்ப் ஓடவே இல்லை! ஓடாத பம்பைப் பழுது என்று எதை வைத்துச் சொல்கிறது?

பழுதானவை எல்லாம் தம்பியின் பட்டறையில், அந்த லொடலொட ஃபேனுக்குக் கீழே எடுத்தவை. நல்லவை எல்லாம் கட்டடங்களின் மோட்டார் அறையில் எடுத்தவை. அங்கே ஃபேன் ஏது? என் நிரல் பம்பைக் கேட்டதே இல்லை. ஆறு வருடமாக ஃபேனைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நான் என்ன சொன்னேன்? "நீ எங்கயோ தப்பா வெட்டியிருக்க. மறுபடி ஓட்டிப் பாரு."

"மூணு தடவ ஓட்டிட்டேன் மேடம்."

"அப்ப நாலாவது தடவ ஓட்டு!" நடைவழி வரை கேட்கும்படி கத்தினேன்.

"சரி மேடம்" என்று மடிக்கணினியை மூடிக்கொண்டு போனாள். முகம் கூடக் கோணவில்லை. அது வேறு எனக்கு எரிச்சல்.

மார்ச் 12, புதன்

நாலாவது தடவையை நானே ஓட்டினேன். தொண்ணூற்றுநாலு.

மார்ச் 13, வியாழன்

பூசி மெழுகிவிடலாம் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். இங்கேயாவது ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தக் கட்டுரை போனால் எனக்கு என்ன மிச்சம்? ஜூனில் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது.

துருவியைக் கூப்பிட்டேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்பது போலத் தொடங்கி, வேறு எங்கோ போனேன். "இதை ஆய்வேட்டுல போட்டே ஆகணும்னு இல்ல. உன் தலைப்பு நிரலைச் சுருக்குறதுதானே?"

கையிலிருந்த மடிக்கணினியை மேசையில் வைத்தாள். பிறகு, "இதைப் போடாம விட்டா நான் ஃபேனைக் கண்டுபிடிக்கிற நிரலைத்தான் சுருக்கியிருப்பேன். ஃபேன் ஓடுதான்னு பாக்க ரெண்டு வருஷப் படிப்பு எதுக்கு மேடம்?"

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அதற்கப்புறம்தான் குரல் உடைந்தது. "உங்க பேர் கெடும்னு தெரியும். அதான் வேற யார்கிட்டயும் மூச்சு விடல. என் டிகிரியும் இதுலதான மேடம் இருக்கு? நான் மட்டும் தப்பிச்சுக்கலாம்னு சொல்லல."

இவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை. நான் நடத்தியது சூத்திரங்கள், கணக்குகள். பம்ப் ஓடாதபோது நிரல் என்ன சொல்லும்? எவ்வளவு சின்னக் கேள்வி! ஆறு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை. கட்டுரையைச் சரிபார்த்தவர்களுக்கும் தோன்றவில்லை. பொறாமையாக இருக்கிறது. அதைவிடப் பெருமையாக இருக்கிறது. என்ன பெண் இவள்!

மார்ச் 14, வெள்ளி

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழுக்கு எழுதிவிட்டேன். காரணத்தையும் சப்பைக்கட்டு கட்டாமல் எழுதினேன். கண்டுபிடித்தவள் யார் என்பதையும்.

துறைத்தலைவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "படிவம் போற நேரத்துல இதெல்லாம் தேவையா மேடம்?"

மார்ச் 29, சனி

பட்டறையில் புதிய ஒலிப்பதிவு. திட்டம் முழுக்கத் துருவியுடையது. ரிப்பேருக்கு வருகிற ஒவ்வொரு பம்பையும் இரண்டு முறை பதிவு செய்ய வேண்டும். பழுதோடு ஒரு முறை, தம்பி சரிசெய்த பிறகு ஒரு முறை. அதே பம்ப், அதே இடம், ஃபேன் நிறுத்தம். இனி அந்த இரண்டு பதிவுக்கும் நடுவே மாறியிருப்பது பழுது ஒன்றுதான். நிரல் வேறு எதன் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. கேட்டதும் எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. மேடம் ஆயிற்றே, அடக்கிக்கொண்டேன்.

தம்பிதான் புலம்பித் தீர்க்கிறான். "படிப்பு உங்களுக்கு, வேர்வை எனக்கா? இந்தப் பொண்ணு ஃபேன் சுவிட்ச்சு மேல டேப் ஒட்டி வச்சிருக்குக்கா!"

ஏப்ரல் 9, புதன்

புதிய பதிவுகளில் பழக்கிய நிரல்: நூற்றுக்கு எழுபத்தொன்று.

மே 15, வியாழன்

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டார். "தொண்ணூத்தாறுல ஆரம்பிச்சு எழுபத்தொண்ணுல வந்து நிக்கிறீங்க. இதுக்குப் பேர் முன்னேற்றமா?"

துருவி தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். "சார், அந்தத் தொண்ணூத்தாறு ஃபேனோடது. இந்த எழுபத்தொண்ணுதான் பம்போடது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதன் பிறகு முக்கால் மணி நேரம் கேள்வி. இரண்டு இடத்தில் அவள், "தெரியாது சார், அதை நான் சோதிக்கல" என்றாள். அந்த வயதில் நான் அப்படிச் சொன்னதில்லை. ஏதாவது அளந்துவிட்டிருப்பேன். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே அவள் கோடு போட்ட அழகு இருக்கிறதே, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

தேறிவிட்டாள். கை குலுக்கும்போது தேர்வாளர் அவளிடம் கேட்டார், "அந்த ரெண்டு வினாடி எனக்கு வேணும். என் பசங்களுக்குக் காட்டணும். தருவீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன்.

ஜூன் 10, செவ்வாய்

படிவத்தை முடித்துக் கொடுத்தேன். ஆறாவது வரிக்கு மட்டும் 3. ஆதாரம்: துருவியின் ஆய்வேடு, நான்காம் அத்தியாயம். மற்றவை 2, ஒன்றிரண்டு 1. துறைத்தலைவர் முனகினார், ஆனால் கையெழுத்துப் போட்டார்.

பதவி உயர்வுப் பட்டியலும் வந்தது. என் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் வலித்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

புது வருடத்தின் முதல் வகுப்பு, பதினெட்டு பேர். பாடத்திட்டத்தை எடுக்கவில்லை. பம்பின் பழுதைக் கண்டுபிடிக்கும் நிரல் என்று சொல்லி, பழைய ஒலிப்பதிவு ஒன்றின் முதல் இரண்டு வினாடியைப் போட்டேன். திரையில் நிரலின் பதில் வந்தது: பழுது. பாதிப் பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் துருவி குனிந்து உட்கார்ந்திருந்தாள். இந்த வருடம் முனைவர் பட்டத்துக்கு என்னிடமே சேர்ந்திருக்கிறாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பாதிக் கையைத் தூக்கினாள். "மேடம், பம்ப் இன்னும் ஆன் பண்ணவே இல்லையே?"

"அதனால?"

"அப்ப அது எதைக் கேட்டுச்சு?"

வகுப்பு சலசலத்தது. மறுபடி போட்டேன். இப்போது எல்லோர் காதிலும் ஃபேன் விழுந்தது. ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். "யாரு மேடம் இப்படிப் பண்ணி வச்சது?"

"நான்தான்" என்றேன்.