பிரஷ்ஷில் சிக்கிய நார்

5-8-2001, ஞாயிறு
காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட்டார். அந்த மெஷின் சத்தம் சேலையூர் முழுக்கக் கேட்டிருக்கும். குவைத்திலிருந்து என் தம்பி கொண்டுவந்த கம்பளம், இத்தனை நாள் பீரோ மேல் சுருண்டு கிடந்தது, இப்போது கூடத்தில் விரித்தாயிற்று. டை கட்டிய பையன் ஒருவன் வந்து டெமோ காட்டினான், இவர் மயங்கி வாங்கிவிட்டார். சாதாரண வாக்குவம் கிளீனர் இல்லையாம், பவர் பிரஷ்ஷாம். அதற்குத் தனி மோட்டார், உருளை தானே சுற்றிக் கம்பளத்தின் அடித்தூசியையும் கிளப்புமாம். தூசி கிளம்பட்டும், இவர் எப்போது கிளம்புவார்? பேங்க்கில் விருப்ப ஓய்வு வாங்கி நாலு மாதம். வாசல் கேட்டைத் தாண்டவில்லை. "ஆபீஸ் நேரத்துல தெருவுல நின்னா நாலு பேர் என்ன கேப்பா?" என்கிறார்.

9-8
டியூஷன் பிள்ளைகள் இனி சமையலறையில் உட்கார வேண்டுமாம். கம்பளத்தில் பென்சில் சீவல் விழுகிறதாம். குக்கர் விசிலுக்கு நடுவே அல்ஜீப்ரா நடத்தினேன்.

12-8, ஞாயிறு
பிரஷ் நின்றுவிட்டது. கவிழ்த்துப் பார்த்தால் உருளை முழுக்க என் தலைமுடியும் பூ கட்டிய வாழைநாரும். கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே, "நீ பூ வெச்சுக்காட்டா என்ன குறைஞ்சுடும்?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பூவைப் பற்றி இவர் சொன்ன முதல் வார்த்தை! சரி, வைக்கவில்லை. போதுமா?

14-8
வாசலில் பூக்காரி பச்சையம்மா. "இன்னாம்மா, பூ வோணாமா? வூட்ல சண்டையா?" மெஷினுக்கு ஆகாது என்று எப்படிச் சொல்வது? ஜலதோஷம் என்றேன்.

19-8, ஞாயிறு
டப்பென்று சத்தம், கருகல் நாற்றம். பிரஷ்ஷுக்குள் ரப்பர் பெல்ட் அறுந்துவிட்டது. உருளை ஓரத்தில் பழைய நார் சிக்கியிருந்திருக்கிறது. இவர் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

21-8
பிரஷ்ஷைப் பிரித்துப் பேப்பரில் பரப்பி அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். பெல்ட் வர மாதக்கணக்காகும் என்கிறான் கம்பெனிக்காரன். பிள்ளைகள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள், எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை — பயமாக இருக்கு. இந்த மனுஷன் இப்படியே உட்கார்ந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? கத்திவிட்டேன். "ரிச்சி ஸ்ட்ரீட் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல போய்த் தேடுங்கோளேன்! யாரும் உங்களை முழுங்கிட மாட்டா!"

23-8, வியாழன்
காலையில் அறுந்த பெல்ட்டைப் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். எங்கே என்று கேட்டால் திரும்பிவிடுவாரோ என்று அடுப்படியிலேயே நின்றேன்.

சாயங்காலம்தான் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. ரயிலில் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தாராம். வழியில் பழைய மானேஜரைப் பார்த்தாராம்; அவர் பேங்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், வெயிலைப் பற்றியே பேசினாராம். பையிலிருந்து இரண்டு பெல்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்திலேயே, வாழையிலையில் சுற்றிய ஸ்டேஷன் வாசல் மல்லிகை.

"பெல்ட் ரெண்டா வாங்கிட்டேன், வேதா. நீ பூ வெச்சுக்கோ."

பார்த்து வாங்கத் தெரியாத மனுஷன். பாதிப் பூ வாடியிருந்தது. வைத்துக்கொண்டேன்.