குடுவையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை

நான் கட்டியிருக்கும் சேலையில் இன்னும் ஆசிட் வாடை போகவில்லை. புளித்துப்போன அந்த வாடை மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எளிதில் எழுந்திருக்காது, உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. போய்ச் சேர்ந்தவர்களிடம் கோபப்படக் கூடாது என்று என் அம்மா சொல்கிறார். நான் கோபமாகத்தான் எழுதப் போகிறேன், கேட்டுக்கொள்.

நீ சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேதியியல் படித்துவிட்டு நம் சாயப்பட்டறை லேபுக்கு வந்தாய். அடுத்த அறையில் நான் கெமிக்கல் ஸ்டோர். பனியன் துணியை வெளுக்கக் காஸ்டிக் சோடா போடுவார்கள். வெளுத்த பிறகு துணியில் தங்கிய காரத்தை முறிக்க அசிட்டிக் ஆசிட் விடுவார்கள். இரண்டையும் நிறுத்துக் கொடுப்பது என் வேலை, பதம் பார்ப்பது உன் வேலை. மெஷின்காரர்களுக்கு ஏன் விடுகிறோம் என்று தெரியாது. விடச் சொன்னால் விடுவார்கள், அவ்வளவுதான். உனக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு நாள் டீ நேரத்தில் எல்லோரையும் லேபுக்குக் கூப்பிட்டாய். கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் காஸ்டிக் கரைசல், அதில் இரண்டு சொட்டு பினாப்தலீன். பளிச்சென்று ரோஸ் நிறம் வந்தது. மேலே மாட்டியிருந்த கண்ணாடிக் குழாயிலிருந்து ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையை ஆட்டினாய். ஏதோ ஒரு சொட்டில் ரோஸ் நிறம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. "பாத்தீங்களா, இது அத முறிச்சிட்டு, அது இத முறிச்சிட்டு. இப்ப உள்ள இருக்கது வெறும் உப்பும் தண்ணியுந்தான்" என்றாய். மெஷின் ஓட்டும் குன்னத்தூர் சிவராசு அசந்துபோனார்.

"ஏனுங்க்கா, அப்ப ஒண்ணுக்கொண்ணு மருந்துங்களா?"

"மருந்தேதான்" என்று சிரித்தாய்.

நீ எடுத்தது தண்ணீராக நீர்த்த கரைசல். குடுவை லேசாகத்தான் சூடாகியிருக்கும். தொட்டியில் இருக்கும் காஸ்டிக்கில் ஆசிட் விழுந்தால் கொதிக்கும். அதை நீ சொல்லவில்லை. நிறம் போன அதிசயத்தில் குடுவையை யாரும் தொட்டும் பார்க்கவில்லை.

என் கோபத்தைக்கூட இதைச் சொல்லித்தான் கிண்டல் செய்வாய். "ஏட்டி, நீ காஸ்டிக்கு, நான் ஆசிட்டு. சேந்தா உப்பும் தண்ணியுந்தான், சண்டையே கெடையாது" என்பாய். நானும் சிரித்துத் தொலைப்பேன். உன்னோடு ஒரு சண்டையை ஒழுங்காக முடித்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் காலையை நீ மறந்திருக்க மாட்டாய். பதம் பார்க்கத் தொட்டியில் காஸ்டிக் மொள்ளப் போனாய். மொண்ட பிளாஸ்டிக் மக்கு கை நழுவி விழுந்து உன் இடது கண்ணில் தெறித்தது. தொட்டிக்குப் பக்கத்தில் குழாய் இருந்தது. சிவராசு ஓடிப் போய்த் திருகினார். தண்ணீர் வரவில்லை. லாரியில் வாங்கும் தண்ணீரை ஆட்கள் கை கால் கழுவியே தீர்க்கிறார்கள் என்று முதலாளி அந்தக் குழாயை அடைத்து வைத்திருந்தார். சிவராசுவுக்கு உன் குடுவை நினைவு வந்தது. துணிக்கு விடக் கலக்கி வைத்திருந்த ஆசிட்டை மொண்டு, "கண்ண மூடாதீங்க்கா, மருந்துங்க" என்று உன் கண்ணில் ஊற்றினார். நீ அலறியது ஸ்டோருக்குள் இருந்த எனக்குக் கேட்டது. இப்போதும் கேட்கிறது.

"வெறும் தண்ணி போதும்மா. விடாம ஊத்திக்கிட்டே கூட்டி வந்திருக்கணும். ரெண்டும் கண்ணுக்குள்ளேயே சேந்து, அந்தச் சூட்டுல வெந்துபோச்சு" என்றார் டாக்டர். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

முதலாளி ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்தார். "எப்படிங்கம்மணி ஆச்சு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். இரண்டு கண்ணையும் மூடிய கட்டோடு நீ சொன்ன பதில் இது: "எந் தப்புதான் சார். நாந்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன். சிவராசு மேல ஒண்ணுமில்ல." அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். உன்னால் பார்க்க முடியவில்லை. குழாயைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுத்தேன். நீ என் கையை அழுத்தினாய். அவர் போனதும், "விடுட்டி, பிள்ளகுட்டிக்காரன், அவனுக்கு வேல போயிரும்" என்றாய்.

சிவராசுவை மன்னித்தாய், சரி. அவர்மேல் எனக்கும் வருத்தம் இல்லை. அதே வாயால் அந்தக் குழாயையும் மன்னித்துவிட்டாயே, அதைத்தான் கேட்கிறேன். உன் கண்ணை நீ மன்னிக்கலாம். உனக்குப் பின்னால் அந்தத் தொட்டியருகே நிற்கப் போகிறவர்களின் கண்ணையும் சேர்த்து மன்னிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? உன் நல்ல குணத்துக்கு எல்லோரும் உன்னைக் கொண்டாடினார்கள். குழாய் அடைத்தபடியே கிடந்தது. நீ ஊருக்குப் போனாய். போன வருஷம் ஒரு காய்ச்சலில் போயே போய்விட்டாய். இழவு வீட்டில், "கோவமே வராத பிள்ள" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

நீ வேலையை விட்ட நாளிலிருந்து ஸ்டோர் வாசலில் ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைக்கிறேன். மேனேஜர் சிரிப்பார். இன்று காலை, பீகாரிலிருந்து வந்து வேலை செய்யும் மகேஷுக்குத் தோளிலும் கழுத்திலும் காஸ்டிக் கொட்டிவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். அவர் கூட்டாளி ஒருவர் ஆசிட் மக்கோடு ஓடி வருகிறார். "தவாயி, தவாயி" என்று கத்திக்கொண்டு வருகிறார். அவர் உன்னைப் பார்த்ததே இல்லை. உன் குடுவையையும் பார்த்ததில்லை. நீ சொன்ன மருந்து மட்டும் வாய் வழியாகவே இறங்கி இந்திக்கும் போய்விட்டது. மக்கைத் தட்டிவிட்டேன், ஆசிட் என் சேலையில் கொட்டியது. மகேஷை டிரம்முக்கு இழுத்துப்போய் ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

முதலாளி வந்து நின்றார். "என்னங்க ஆச்சு?"

மகேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு, "மேரி கல்தி ஹே, சேட்" என்றார். என் தப்புதான் என்கிறார். அதே வார்த்தை. ஈரக் கையால் அவர் வாயைப் பொத்தினேன்.

"இவரு தப்பு இல்லீங்க. கொழாயில தண்ணி இல்லீங்க. அன்னைக்கும் இல்லீங்க."

எவ்வளவு கோபம் வந்தாலும் எங்கள் ஊர் வாயிலிருந்து அந்த 'ங்க' மட்டும் போகாது. நீ இருந்திருந்தால் இதற்கும் சிரித்திருப்பாய்.

"பழசையெல்லாம் இப்ப எதுக்குங்கம்மணி" என்றார் அவர்.

"கொழாயத் தொறக்காம இனி ஸ்டோர் தொறக்காதுங்க. சாவி எங்கிட்டத்தான் இருக்குதுங்க" என்றேன். வேலை போனால் போகட்டும் என்று நின்றேன். கெமிக்கல் இல்லாமல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பிளம்பர் வந்துவிட்டார்.

மகேஷுக்குத் தோல் உரியும், வேறு பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் கிளம்பும்போது குழாயைத் திறந்து கையை நீட்டினேன். தண்ணீர் வந்தது. இத்தனை சுலபமான வேலை. அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நினைக்க நினைக்க உன்மேல் ஆத்திரமாக வந்தது. உன்னைப் போல ஒருத்தி இனிக் கிடைக்கமாட்டாள் என்று அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து ஒன்றும் முறியவில்லை.

உப்பும் தண்ணீரும்தான் மிஞ்சும் என்று சொல்லிக் கொடுத்தாய். சூட்டை விட்டுவிட்டாய். அதை நான் வைத்திருக்கிறேன். யார் வந்து என் கையை அழுத்தினாலும் இனி அதை ஆறவிட மாட்டேன். நாளைக்குப் போனதும் முதலில் அந்தக் குழாயைத் திறந்து பார்ப்பேன், அப்புறம்தான் ஸ்டோர்.