மீன் வாசனை அடிக்கும் சிவப்புக் கரை

அன்பு மகள் மர்ஜானுக்கு, ஹொர்முஸ் தீவிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் பூனையும் நல்ல சுகம், ஸ்வீடன் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு எல்லாவற்றையும் தன் பக்கமாகவே சொல்லிவிடுவாள். என் பக்கத்தையும் யாராவது கேட்க வேண்டாமா?

இரண்டு மாதமாக அவளுக்கு மண் சித்திரப் பைத்தியம் முற்றிப்போயிருக்கிறது. பலகையில் பசை தடவி, தீவின் மண்ணையே நிறம் நிறமாகத் தூவி, கடலிலிருந்து பார்த்தால் நம் ஊர் எப்படித் தெரியுமோ அப்படியே செய்கிறாள். துறைமுகக்காரர்கள் படகுத்துறைக் கூடத்தில் மாட்ட ஒரே ஒரு சித்திரம் தேடினார்கள். ‘என்னுது தேறலேன்னா இனிமே மண்ணைக் கையால தொட மாட்டேன்’ என்று சபதம் போட்டுவிட்டாள். சாயங்காலம் சிவப்பு மலையின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று ஒருநாள் என்னைக் கேட்டாள். எனக்கு எங்கே தெரியும் என்றேன். ‘இருபது வருஷமா ஊர்க்காரங்களை வண்டியில ஏத்திக்கிட்டு அதே மலையைத்தானே சுத்துறீங்க, ரோட்டைத் தவிர ஒண்ணையும் பாக்கலியா’ என்று மானத்தை வாங்கினாள். அன்றைக்கே முச்சக்கர வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நிழல் ஊதா நிறம், மகளே! சத்தியமாக ஊதா! எனக்குத் தலைகால் புரியவில்லை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனிமேல்தான் என் குற்றம். அவள் பலகையே கதி என்று கிடந்ததால் சமையல் என் தலையில். மத்தி மலிந்த நேரம், ரொட்டியில் தடவ நம் தீவுச் சிவப்பு மண் போட்டு ஊறவைக்கும் மீன் சாறு, சூராக் போடலாம் என்று மீன், உப்பு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்து, அலமாரியில் இருந்த டப்பா மண்ணைச் சமையல் மண் என்று நினைத்து முழுக்கக் கொட்டி வெயிலில் வைத்துவிட்டேன். அது அவள் ஏழு முறை சலித்து வைத்த சித்திர மண். சித்திரத்தைத் தேர்ந்தெடுக்கத் துறைமுக ஆட்கள் வருவதற்கு முந்தின நாள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அவள் போட்ட கூச்சல் கடல் தாண்டி அக்கரைப் பந்தர் அப்பாஸ் வரை கேட்டிருக்கும். வெளியே மழை வேறு, கரை மண் முழுக்கச் சேறு. அக்கம்பக்கத்தில் கேட்டால் எல்லார் வீட்டு மண்ணும் சூராக்கில்தான் ஊறுகிறது! சிவப்புக் கரை இல்லாமல் பலகை பாதி மொட்டையாக நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் என்ன செய்தாள் தெரியுமா, என் சூராக்கைத் துணியில் வடிகட்டி அதையே கரை முழுக்கப் பூசிவிட்டாள். காயட்டும் என்று வைத்த நேரத்தில் நம் பூனை ஒரு மூலையை ஆசை தீர நக்கித் துடைத்துவிட்டது.

மறுநாள் எல்லார் சித்திரத்தையும் வரிசையாக வைத்திருந்த கூடத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். மற்றச் சித்திரங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்தவர்கள், நம்முடையதன் முன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றார்கள். ‘நெசமாவே கரையில நிக்கிற மாதிரியே இருக்கேம்மா’ என்றார் பெரியவர். கூட வந்த பெண், படகுத்துறை இருக்க வேண்டிய இடம் மட்டும் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டாள். உன் அம்மா கண் இமைக்காமல், ‘எம் பொண்ணு அங்கேருந்துதான் படகேறிப் போனா, அவ திரும்பி வந்தாத்தான் பூசுவேன்’ என்றாள். நான் சிரிப்பை அடக்க வெளியே ஓடினேன். ஜெயித்துவிட்டாள், மகளே, கூடத்தில் மாட்டியாகிவிட்டது!

மாட்டுவதற்கு முன், பூனை நக்கினதுதானே, பூசிவிடு என்று புது மண்ணை நீட்டினேன். வாங்கவில்லை. ‘சொன்னது சொன்னதுதான், அவ வரட்டும்’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ போய் மூன்று வருஷம் ஆகிறதே, மகளே. எனக்கும் தாங்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஆண்டவன் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு லீவு கேட்க மறந்துவிடாதே. அந்தப் படகுத்துறை மூலைக்கான உன் பங்கு மண்ணைத் தனி டப்பாவில் போட்டு, ‘சமையலுக்கு அல்ல’ என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா தர்விஷ்