வந்த காரணம்

6-1-2025, திங்கள்

இன்றும் அக்காவின் ஸ்கூட்டி கிளம்பவில்லை. கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்திலிருந்து அறை வரைக்கும் நான் பின்னால் தள்ள, இசைவாணி அக்கா மேலே உட்கார்ந்தபடியே வந்தார். இறங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதி வழியில் அவரே திரும்பிப் பார்த்து, "ஏண்டி சுபஸ்ரீ, நான் மேல குந்திக்கினு வர்றேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?" என்றார். நான் சிரித்தேன். அதற்கும் திட்டினார்.

எங்கள் அறை பெரிதில்லை. ஒரு மேசை, நான்கு நாற்காலி, தண்ணீர்க் குடம், உள்ளே கதவு போட்ட இன்னொரு சின்ன அறை. வாசலில் 'மகளிர் உதவி அறை' என்று பலகை. வீட்டில் அடி வாங்கும் பெண்கள் உள்ளே போய் அக்காவிடம் பேசுவார்கள். அதற்குப் பிறகு ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட்டு என்று எங்கே போக வேண்டியிருந்தாலும் அக்கா கூடவே போவார். அதுதான் அவர் வேலை. சம்பளம் ஊராட்சி ஒன்றியத்திலிருந்து வருகிறது, வருஷா வருஷம் தீர்மானம் போட்டு.

வெளி மேசை என்னுடையது. பதிவேட்டில் பெயர் எழுதுவது, தண்ணீர் கொடுப்பது, கூட வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. ஒன்பதாவதோடு நின்றவள் நான். ஆள் முகத்தைப் பார்த்துப் பேசினால் தொண்டை அடைத்துக்கொள்ளும். முதல் நாளே அக்காவிடம் இதைச் சொன்னேன். "பேசாத இருக்கற ஆளுதான்டி இந்த மேசைக்கு வேணும்" என்றார். இதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

14-1-2025

பொங்கல். அறை பூட்டு. அக்கா போன் செய்து, "உன் குரலு போன்ல இன்னும் கம்மியா கேக்குதுடி, ஆடு மேயற சத்தம்தான் ஜாஸ்தி" என்றார்.

21-1-2025, செவ்வாய்

மலைப் பேருந்தில் இன்று மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை. உதடு வீங்கியிருந்தது. பதிவேட்டில் அவள் பெயரை எழுதி, 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் 'குழந்தைக்குச் சளி' என்று எழுதினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

போன மாசி வரைக்கும் நடந்ததை நடந்தபடிதான் எழுதினேன். மேலே மலையிலிருந்து குஞ்சம்மாள் அக்கா வந்தார். 'கணவர் அடிக்கிறார்' என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் வந்தார். இசைவாணி அக்கா வெளியே போயிருந்த நேரம். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி, அந்தப் பெயரில் நிறுத்தினார். கத்தவில்லை. புத்தகத்தை இருந்தபடியே திருப்பி வைத்தார். "எழுத்து நல்லா இருக்கு பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே குஞ்சம்மாள் அக்காவுக்குக் கை உடைந்தது. அதற்கப்புறம் அவர் இங்கே வரவில்லை.

என் எழுத்துதானே அது?

அன்றிலிருந்து வேறு காரணம் எழுதுகிறேன். சாதிச் சான்று. ஆதார் திருத்தம். ரவிக்கை அளவு. நன்றாக யோசித்துத்தான் எழுதுவேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வருகிறவர்களுக்கு ரேஷன் கார்டு. அழுகைக்கு நடுவில் ஒரு தடவையாவது சிரித்துவிட்டால் ரவிக்கை அளவு. "இருக்கறத அப்படியே எழுது பாப்பா" என்று அவர்களே சொன்னால் மட்டும் இருப்பதை எழுதுவேன். அப்படிச் சொல்கிறவர்கள் கம்மி.

அக்கா பதிவேட்டைத் திறந்து பார்த்ததே இல்லை. பேப்பரைக் கண்டாலே அவருக்குத் தலைவலி.

4-2-2025, செவ்வாய்

ஒன்றிய அலுவலகத்திலிருந்து எழுத்தர் தமிழழகன் சார் வந்தார். அக்காவின் வேலையைத் தொடர்வதா வேண்டாமா என்று அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்களாம். ஒரு வருஷக் கணக்கு வேண்டும் என்று பதிவேட்டைக் கேட்டார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "சும்மா பாத்துட்டு தந்துருவேம்மா" என்று மெதுவாக உருவிக்கொண்டார்.

அக்கா அவருக்கு டீ வாங்கிக்கொடுத்தார். "எடுத்துக்கினு போங்க சார், எல்லாம் அவ எழுதனது, முத்து முத்தா இருக்கும்" என்றார்.

7-2-2025, வெள்ளி

எண்ணிவிட்டார்கள். போன ஏப்ரலிலிருந்து வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் வீட்டு வன்முறை ஏழு. ஏழுதான்! ரவிக்கை அளவு மட்டும் அறுபத்தொன்று.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. போனை வைத்துவிட்டு, "எண்ணத் தெரியாத ஆளுங்க போல" என்று கடலையை உரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லவில்லை.

ஐயோ, நான் இன்னா பண்ணி வச்சிருக்கேன்? ஏழு பேருக்கு எதுக்கு ஒரு ஆளுன்னு கேப்பாங்களே. அக்கா போயிட்டா அந்தக் கொழந்தைக்காரி யார்கூட ஸ்டேஷனுக்குப் போவா?

8-2-2025

சோறு இறங்கவில்லை. வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொன்னேன். இங்கேயும் பொய்க் காரணம்.

10-2-2025, திங்கள்

சொல்லிவிட்டேன். வாயால் இல்லை. ஒரு தாளில் முழுவதும் எழுதி அக்காவின் கடலைப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தேன்.

படித்தார். மறுபடி படித்தார். "அறுவத்தோரு ரவிக்கையாடி?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆளு வந்து புக்க பாத்தான்னு ஏண்டி அன்னிக்கே சொல்லல? ஒரு வருஷமா நீ ஒண்டியாவா இத வச்சிக்கினு இருந்த?" என்றார்.

திட்டியிருந்தால் தேவலாம்.

அறைக்கு யார் யார் வந்தார்கள் என்று கூட்டத்தில் சொன்னால் தப்பிக்கலாமா என்று கேட்டேன். "பேர வித்து வாங்கற சம்பளம் எனக்கு வேணாம். கேட்டா ஏழுன்னே இருக்கட்டும்" என்றார். அப்புறம் பாதிக் கடலையை என் பக்கம் தள்ளினார்.

18-2-2025, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். கரும்பு வெட்டிவிட்டு வந்து கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தியாகதுருகத்தில் அப்பாவின் வீட்டை விட்டு வந்தபோது, அந்த அறையில் முதலில் போய் உட்கார்ந்தவள் அவள்தான். ஊரில் மட்டும் வேலைக்காக வந்ததாகச் சொல்லி வைத்திருக்கிறாள். போன மே மாதம் அப்பா கரும்புக் கொல்லைக்கே வந்து கலாட்டா செய்தபோது மறுபடி அறைக்கு வந்தாள். அந்த வரியும் பதிவேட்டில் இருக்கிறது.

"எனக்கு இன்னாடி எழுதன?"

"ரேஷன் கார்டு. முகவரி மாத்த."

"கார்டுல இன்னும் பழைய அட்ரஸ்தான் கெடக்குது. எழுதனது எழுதன, அதையாவது நெசமாவே மாத்திக் குடுத்திருக்கலாம் இல்ல?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. எண்ணெய்க் கையோடு என் தலையை இழுத்துப் பின்ன ஆரம்பித்தாள். ரிப்பனைக் கட்டும்போது சொன்னாள்: "கூட்டத்துல கேட்டாங்கன்னா எம் பேரச் சொல்லிக்கோ. மத்த பொம்பளைங்க பேரு உன் வாயில வரக்கூடாது."

"ஊருக்குத் தெரிஞ்சிடும்மா."

"தெரியட்டும். நானா அடிச்சேன்?"

5-3-2025, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

அக்காவையும் என்னையும் ஒன்றியக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா கரும்பு வெட்டுவதை விட்டுவிட்டு, தலையில் கட்டிய துண்டோடு எங்களுக்குப் பின்னால் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

தனசேகரன் என்கிற உறுப்பினர்தான் முதலில் பேசினார். "எரநூத்தி பன்னண்டு பேரு வந்ததுல அடிதடி ஏழு. மிச்சமெல்லாம் ரவிக்கை, ரேஷன் கார்டு, சளி. இதுக்கு ஒரு ஆளு, ஒரு ரூமா? எங்க வார்டுல மூணு தெரு இருட்டா கெடக்குது. அந்தக் காசுல லைட்டு போடலாம்."

யாரோ சிரித்தார்கள். அவர் சொன்னது பொய்யில்லை. அந்தத் தெருக்களில் நான் நடந்திருக்கிறேன்.

தலைவர் செந்தமிழ்ச்செல்வி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். பிறகு, "நான் புரட்டாசியில அந்த ரூமுக்கு வந்தேனே. அங்க தையல் மிஷினு பாத்த ஞாபகம் இல்லியே" என்றார். "யாரு எழுத்து இது?"

எழுந்து நின்றேன்.

"நாந்தாங்க."

"மிஷினு எங்கம்மா?"

"இல்லிங்க."

"அப்ப யாரு அளவு எடுத்தது?"

"யாரும் எடுக்கலிங்க."

"கேட்டுக்கோங்க, புக்கே பொய்யி" என்றார் தனசேகரன்.

அப்போது எப்படிப் பேச்சு வந்ததென்று தெரியவில்லை. "பொய்யிதாங்க. நெசத்த எழுதனப்போ ஒரு அக்காவுக்கு கை ஒடஞ்சிது. அதனாலதாங்க மாத்தி எழுதனேன். இசைவாணி அக்காவுக்கு இது தெரியாதுங்க."

தலைவர் கேட்டார், "அவங்க பேரு?"

"சொல்ல மாட்டேங்க."

தலைவரிடம் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டேன். நான்!

"பேரு இல்லாத இன்னாம்மா சாட்சி? நீ பாட்டுக்கு எரநூறு பேருன்னு சொன்னா நாங்க நம்பணுமா?" என்றார் தனசேகரன். அம்மாவின் பெயரைச் சொல்லலாம், அவளே சொல்லச் சொல்லியிருக்கிறாள். ஆனால் இத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால் அது வாயில் வரவில்லை.

பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"நான்தாங்க அந்த ரேஷன் கார்டு" என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "மே மாசத்துல ராணியம்மாள்னு இருக்கும், பாருங்க. எம் புருசன் கொல்லைக்கே வந்து மயிர புடிச்சி இழுத்தான். நாப்பது பேரு வெட்டிக்கினு இருந்தாங்க, ஒருத்தரும் நவுரல. இந்த இசைவாணிதான் எங்கூட வந்து ஸ்டேஷன்ல அஞ்சு மணி நேரம் குந்திக்கினு இருந்துச்சு. லைட்டு வேணும் சார். எங்க தெருவுக்கும் வேணும். ஆனா லைட்டு எங்கூட ஸ்டேஷனுக்கு வராதுங்களே."

தலைவர் மே மாதப் பக்கத்தை எடுத்தார். விரலை வைத்து இறங்கினார். குஞ்சம்மாள் அக்காவின் கணவர் அன்று இறங்கியது போலவேதான். ஆனால் இவர் அந்த வரியில் நிறுத்தி, புத்தகத்தை மூடி, தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். "முடிவ அப்புறம் சொல்றோம், போய்ட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்கூட்டி கிளம்பவில்லை. அம்மாவும் நானும் தள்ளினோம்.

6-3-2025

கரும்பு வெட்டும் இடத்தில் அம்மாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். பெரியம்மாள் என்பவர் மட்டும் மத்தியானம் தன் குழம்பில் பாதியை அம்மாவின் தூக்குவாளியில் ஊற்றினாராம். இதற்கு முன் ஊற்றியதில்லை.

24-3-2025, திங்கள்

தமிழழகன் சாரே நேரில் வந்து சொன்னார். இன்னும் ஒரு வருஷம். ஒரு வருஷம்தான், அடுத்த மார்ச்சில் மறுபடி பார்ப்பார்களாம். தனசேகரன் எதிர்த்துக் கை தூக்கவில்லையாம். தூக்கவே இல்லை, இரண்டு பக்கத்துக்கும்.

தலைவர் ஒரு புதுப் பதிவேடும் கொடுத்தனுப்பியிருந்தார். பெயர் கிடையாது. காரணம் கிடையாது. தேதி, வரிசை எண், அவ்வளவுதான். பழைய புத்தகத்தை அவரே பூட்டி வைத்திருக்கிறாராம். மாதம் எத்தனை பேர், எதற்கு வந்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் அக்கா தன் கையால் எழுதி அனுப்ப வேண்டும்.

"மாசா மாசமா? நானேவா?" என்றார் அக்கா. "இதுக்கு வேலைய புடுங்கியிருக்கலாம்."

பிறகு உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார். நான் குடத்தில் தண்ணீர் நிரப்பி, கடலை உரித்து, அவருக்காக என் மேசையில் வைத்தேன்.

7-4-2025, திங்கள்

மலைப் பேருந்து வந்து போன பிறகு வாசலில் யாரோ நின்றார்கள். வெயிலில் முகம் தெரியவில்லை. நானே எழுந்து போய், "உள்ள வாங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் பார்த்தேன். குஞ்சம்மாள் அக்கா.

இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் வளைந்தே கூடியிருக்கிறது. இப்போது அண்ணன் வேடியப்பன் வீட்டில் இருக்கிறாராம். அந்த மனிதர் வந்தால் அண்ணன் வெளியே வந்து நிற்பாராம். கூட்டத்தில் ஒரு பெண் பேர் சொல்ல மாட்டேன் என்று நின்றாளாம் என்ற பேச்சு பேருந்தில் ஏறி மலைக்குப் போயிருக்கிறது.

அவர் கண் மேசைமேல் இருந்த புத்தகத்துக்குப் போனது. நான் திறந்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வெறும் எண்கள்தான் என்று தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னால உங்க கை..." என்று ஆரம்பித்தேன்.

"உன்னால இன்னா? அவன் கையால ஒடஞ்சிது" என்றார். தோளில் இருந்த பையை மேசைமேல் கவிழ்த்தார். மரவள்ளிக் கிழங்கு, மண்ணோடு.

இசைவாணி அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்து, "வா குஞ்சம்மா, உள்ள வந்து குந்து, இன்னா ஆச்சு சொல்லு" என்றார்.

"ஒன்னியும் ஆவல. இன்னிக்கு நெசமாவே கெழங்கு குடுக்கதான் வந்தேன்."

மூவரும் சிரித்தோம். புத்தகத்தில் எண் ஆறு என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத அதில் கட்டம் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயர்: குஞ்சம்மாள்.
வந்த காரணம்: மரவள்ளிக் கிழங்கு கொடுக்க.