செகோவியாவிலை எடுத்த படம்

லா சப்பல், பாரிஸ்

அன்பு மகள் துஷாந்திக்கு,

அம்மா இஞ்சை சுகம். மெல்பேணிலை நீயும் மருமகனும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேணுமெண்டு பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுறன். நீ அழுதுபோட்டு போனை வைச்சனி, பிறகு எடுக்கவும் இல்லை, அதாலைதான் கடிதம்.

ஓம், அந்தப் படத்திலை நிக்கிறது நான்தான். பக்கத்திலை நிக்கிறவர் றொஜர், பாண்டிச்சேரி ஆள், தபால் கந்தோரிலை வேலைசெய்து பென்சன் எடுத்தவர், மனிசி செத்து ஒன்பது வருசம். நான் வேலைக்கு நிக்கிற மரக்கறிக் கடைக்கு வாறவர். பொண்டியிலை இருக்கிற றஜனி மாமி படத்தை எல்லாருக்கும் அனுப்பிப்போட்டு, கள்ளமாய்ப் போனவை எண்டு சொன்னவவாம். கள்ளமாய்ப் போற ஆக்கள் சிரிச்சுக்கொண்டு படத்துக்கு நிப்பினமோ? நடந்ததை என்னட்டைக் கேள். செகோவியா ஸ்பெயினிலை ஒரு பழைய ஊர், தண்ணி கொண்டுவர ரோமர் கட்டின பாலம் ஊருக்கு நடுவிலை நிக்குது, எங்கட பில்டிங்கைவிட உயரம், சீமெந்து ஒண்டுமில்லை, வெறுங்கல்லு. அதைப் பார்க்கவேணுமெண்டு கேட்டது நான், அவரில்லை. அப்பாவோடை இருந்த முப்பது வருசத்திலை லூர்த்து மாதா கோயிலுக்கு அங்காலை நான் ஒரு இடமும் பார்க்கேல்லை. ஹோட்டலிலை ரெண்டு அறை எடுத்தனாங்கள். அதை றஜனிக்குச் சொல்லு. இல்லை, சொல்லாதை, அவவுக்கு நான் ஏன் விளக்கம் குடுக்கவேணும்.

பாலத்துக்குப் பக்கத்திலை படிக்கட்டு, பாதியிலை எனக்கு முழங்கால் பிடிச்சிட்டுது. திரும்பிப் போவமெண்டு அவர் சொல்லேல்லை, கைபிடிச்சு இழுக்கவும் இல்லை, பக்கத்திலை இருந்து தோடம்பழம் உரிச்சுத் தந்துபோட்டு, மெதுவா ஏறலாம், பாலம் எங்கயும் ஓடிப்போவாது எண்டார். மேலை போய்ப் பார்த்தால் கூரையெல்லாம் காலுக்குக் கீழை. அதிலை நிண்டு நான்தான் கேட்டனான், என்னைக் கட்டுறியளோ எண்டு. மனிசன் தொப்பியைக் கழட்டினார், கண் கலங்கிப்போச்சு. எப்பவும் ஆமாம் எண்டு சொல்லுற ஆள், அண்டைக்கு எங்கட ஆக்கள்மாதிரி ஓம் எண்டார்.

பிள்ளை, அப்பாவை நான் மறக்கேல்லை. அவர் கண்மூடுமட்டும் படுக்கையிலை கிடந்த நாலு வருசமும் கூடப்பிறந்த றஜனி ஒருநாள் வந்து எட்டிப் பார்க்கேல்லை. எனக்கு வயசு அறுபத்தொண்டு, ஆரிட்டையும் உத்தரவு கேக்கமாட்டன், உன்னட்டையும்தான். ஆனால் நீ அழுதது நெஞ்சுக்கை நிக்குது.

நீங்கள் ரெண்டுபேரும் நோய்நொடியில்லாமல் நல்லாயிருங்கோ. தைரொயிட் குளிசையை விடாமல் போடு. ஜூன் ரெண்டாவது சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு மெரியிலை, அதுதான் நகரசபைக் கந்தோரிலை, கலியாண எழுத்து. சாட்சிக்கு உன்ரை பேரைத்தான் குடுத்திருக்கிறன். நீ வராட்டில் கடைக்கார மரியமலர் அக்கா கையெழுத்து வைப்பா. எழுத்து நிக்காது.

உன்ரை அம்மா,
ஞானமலர்